எங்கிருந்து மூன்றடி?

வீடு கட்டப் போவதாக ஒருவர் சொன்னதும் தமிழ்நாட்டில் எதிரே இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி, ‘சதுர அடி என்ன ரேட்டுக்குப் பேசியிருக்கீங்க?’ மண் எப்படி, எத்தனை அறை, வாசல் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். மூன்று காண்ட்ராக்டர்களிடம் ரேட் கேட்கிறோம். நூறு ரூபாய் குறைத்துச் சொன்னவரைப் பற்றி மைத்துனரும் ‘நல்ல மனுஷன்’ என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அட்வான்ஸ் கொடுத்துப் பூமி பூஜைக்கு நாள் பார்த்துவிடுகிறோம். முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வது ஒரு பக்கம், மிஞ்சிப்போனால் இரண்டு. அதில் ரேட் இருக்கும். எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பதும் இருக்கும். வேலை என்ன என்பது மட்டும் ஒரே வரியில் முடிந்திருக்கும்: தரமான பொருட்களைக் கொண்டு சிறந்த முறையில் வீட்டைக் கட்டி முடித்துச் சாவியை ஒப்படைப்பது.

பின்னால் வரும் அத்தனை சண்டையும் அந்த ஒரு வரியில் உட்கார்ந்திருக்கிறது. கட்டடத் தகராறு என்றாலே காண்ட்ராக்டரின் பேராசையையோ வீட்டுக்காரரின் கஞ்சத்தனத்தையோ காரணம் சொல்வது நம் வழக்கம். இரண்டும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்த சண்டைகளில் பெரும்பாலும் இரு தரப்பும் நாணயமானவர்களே. ஒரே வரியைப் படித்துவிட்டு ஆளுக்கொரு வீட்டை மனதில் கட்டிக்கொண்டவர்கள், அவ்வளவுதான்.

கல்யாணத்துக்குச் சமையல்காரரிடம் பேசும்போது நாம் இப்படியா இருக்கிறோம்? பொரியல் எத்தனை, கூட்டு எத்தனை, பாயசம் ஒன்றா இரண்டா, வாழையிலை யார் வாங்குவது, பரிமாறுகிறவர்கள் கூலி இதில் சேர்ந்ததா, மிஞ்சிய மளிகை யாருக்கு என்று வீட்டில் ஒருவர் விடாமல் கேட்கிறோம். ஒரு நாள் சாப்பாட்டுக்குக் காட்டும் அந்தக் கறார், இருபது வருடம் தவணை கட்டப்போகும் வீட்டுக்கு எங்கே போகிறதோ தெரியவில்லை.

சதுர அடியிலிருந்தே தொடங்கலாம். 1,200 சதுர அடி வீடு, சதுர அடி 2,300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 27,60,000 ரூபாய் என்று மனக்கணக்குப் போட்டு வீட்டுக்காரர் கடனுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார். அவர் நினைப்பது சுவர்களுக்கு உட்பட்ட வீட்டை. காண்ட்ராக்டர் நினைப்பது கான்கிரீட் கூரை எதுவரை போகிறதோ அதுவரை. கார் நிற்கும் போர்டிகோ 120 சதுர அடி, மாடிப்படி முடியும் இடத்தில் ஹெட்ரூம் 100 சதுர அடி; இரண்டும் கணக்கில் ஏறினால் 5,06,000 ரூபாய் கூடுதல். ‘போர்டிகோவுக்குச் சுவரும் கிடையாது, ஜன்னலும் கிடையாது, அதுக்கு ஏன் சார் முழு ரேட்?’ என்று இவர் கேட்பார். ‘தூணும் கூரையும் இருக்கே, கம்பி குறையுமா?’ என்று அவர் கேட்பார். இரண்டுமே நியாயமான கேள்விகள். ஹெட்ரூமுக்குப் பாதி ரேட் போடுபவரும் உண்டு, முழுசாகப் போடுபவரும் உண்டு. கட்டடப் பரப்பை எப்படி அளப்பது என்பதற்கு ஐஎஸ் 3861 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. வேலைகளுக்கு அளவெடுக்க ஐஎஸ் 1200 இருக்கிறது. பூச்சு வேலையில் அரை சதுர மீட்டருக்கு மேற்படாத திறப்புகளைக் கழிக்க வேண்டாம் என்பது வரை அதில் சொல்லியிருக்கிறார்கள். எந்த விதிப்படி அளப்பது, போர்டிகோவுக்கும் ஹெட்ரூமுக்கும் என்ன ரேட் என்று இரண்டு வரி எழுதிவிட்டால் அந்த ஐந்து லட்சத்தைப் பற்றி முதல் நாளே பேசி முடித்துவிடலாம்.

பேஸ்மென்ட் உயரம் இதைவிட வில்லங்கமானது. ‘பேஸ்மென்ட் 3 அடி’ என்று எழுதியிருப்பார்கள். எங்கிருந்து மூன்றடி? மனை தெருவைவிட ஒன்றரை அடி பள்ளமாக இருந்தால், மனையின் தரையிலிருந்து அளந்த மூன்றடி தெருவிலிருந்து பார்க்கும்போது ஒன்றரை அடிதான். முதல் பெருமழைக்கே தண்ணீர் வாசற்படியை எட்டிப் பார்க்கும். எழுதியதை அப்படியே செய்தேன் என்று காண்ட்ராக்டர் சொன்னால் அதில் பொய் இல்லை. தார் மேல் தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வீடுகள் பள்ளத்துக்குப் போன கதை நம் நகரங்களில் எல்லோருக்கும் தெரியும். பழைய சாலையைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் அன்றைய தலைமைச் செயலாளர் இறையன்பு உத்தரவே போட வேண்டியிருந்தது. ஆகவே மட்டம் எங்கே தொடங்குகிறது என்பதை எழுதியாக வேண்டும்: மனைக்கு நேர் எதிரே தெருவின் நடு மட்டத்திலிருந்து, வீட்டுக்குள் டைல்ஸின் மேல்மட்டம் வரை 3 அடி. அந்தத் தெரு மட்டத்தை, நகராத ஏதாவது ஒன்றில் பெயின்டால் கோடு போட்டுப் படம் எடுத்து ஒப்பந்தத்தோடு வைத்துவிட்டால் இன்னும் நல்லது. ஆறு மாதத்தில் மாநகராட்சி வந்து தெருவையே மாற்றிவிடலாம்.

இந்தக் குழப்பத்துக்கு விலையும் உண்டு. 1,200 சதுர அடி வீட்டை ஓர் அடி உயர்த்த 1,200 கன அடி மண் வேண்டும். யூனிட் கணக்கில் 12 யூனிட். சுவர் அடைக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கழியும். கெட்டிக்கும்போது மண் அமுங்குவதால் கொஞ்சம் கூடும். அஸ்திவாரச் சுவரும் தூண்களும் ஓர் அடி உயரும், வாசலில் இரண்டு படி கூடும். குறைந்த ரேட் கொடுத்தவர் எந்த மூன்றடியை நினைத்துக் கொடுத்தார் என்பது மண் லாரி வரும் நாளில்தான் தெரியும். வருவது கிராவலா, அஸ்திவாரம் தோண்டிய அதே மண்ணா, எத்தனை அங்குலத்துக்கு ஒருமுறை தண்ணீர் விட்டுக் கெட்டிப்பது, அதை யார் நின்று பார்ப்பது என்பனவும் அதே பத்தியில் வர வேண்டியவை. சரியாகக் கெட்டிக்காத தரை சில வருடங்களில் இறங்கி டைல்ஸ் விரிசல் விடும். அப்போது ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் அதில் மண்ணைப் பற்றி ஒரு சொல்கூட இருக்காது.

பொருட்கள் விஷயத்தில் மக்கள் ஓரளவு உஷாராகத்தான் இருக்கிறார்கள். சிமென்ட் இன்ன கம்பெனி, கம்பி இன்ன கம்பெனி என்று எழுதி வாங்கிவிடுகிறார்கள். பக்கத்திலேயே ‘அல்லது அதற்கு இணையான’ என்று ஒட்டிக்கொண்டிருப்பதைக் கவனிப்பதில்லை. இணையானதுதான் என்று தீர்மானிப்பவர் யார்? கம்பெனிப் பெயரைவிடத் தரத்தை எழுதுவது பாதுகாப்பு: கம்பி என்றால் எஃப்இ 500டி, கான்கிரீட் என்றால் எம்20 அல்லது எம்25. கம்பி போட்ட கான்கிரீட் எம்20-க்குக் குறையக் கூடாது என்பது ஐஎஸ் 456 விதி. ஆனால் ஏறத்தாழ எம்15-க்கு ஒத்த 1:2:4 கலவையைத் தாத்தா காலத்துப் பழக்கமாக இன்னமும் எழுதுபவர்கள் இருக்கிறார்கள். 15 சென்டிமீட்டர் கனச்சதுர மாதிரி எடுத்து 28-ஆம் நாள் சோதித்துக் காட்டுவது யார் செலவு என்பதையும் சேர்த்துவிட வேண்டும்.

டைல்ஸுக்கு மட்டும் தனியாக ஒரு பஞ்சாயத்து வைக்கலாம். ‘தரை டைல்ஸ் சதுர அடி 60 ரூபாய் வரை’ என்று எழுதியிருக்கும். கடைக்குப் போகும் நாளில் கேள்விகள் முளைக்கும். அறுபது ரூபாய் ஜிஎஸ்டி சேர்த்தா? வண்டி வாடகையும் ஏற்றுகூலி இறக்குகூலியும்? பெட்டியில் அச்சிட்ட விலையா, காண்ட்ராக்டருக்குக் கடைக்காரர் போட்டுக் கொடுக்கும் விலையா? உடைசலும் வெட்டுத்துண்டும் யார் கணக்கு? வீட்டம்மாவுக்குப் பிடித்தது 85 ரூபாய் என்றால் வித்தியாசம் 25 ரூபாயோடு நின்றுவிடுமா? பெரிய அளவு டைல்ஸுக்குப் பசை வேண்டும், கூலியும் கூடும் என்பார் காண்ட்ராக்டர், அது உண்மையும்கூட. வரி என்று வந்தால் இன்னொன்று. 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. பாதி கட்டிய வீட்டில் அந்த மிச்சம் யாருக்குச் சேரும் என்பதற்கு, நான் பார்த்த எந்தச் சதுர அடி ஒப்பந்தத்திலும் பதில் இல்லை. நாளை விலை ஏறினால் யார் தாங்குவது என்பதற்கும் இல்லை.

இவையாவது எழுதியதை வைத்து வரும் தகராறுகள். எழுதவே எழுதாததால் வருபவைதான் அதிகம். தண்ணீர் ஊற்றுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கான்கிரீட்டைச் சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள் ஈரமாக வைத்திருக்கச் சொல்கிறது ஐஎஸ் 456. வீட்டு வேலைக்குப் பரவலாக வாங்கப்படும் பிபிசி சிமென்ட் இரண்டாவது வகை. அந்தப் பத்து நாளும் ஹோஸ் பைப்பைப் பிடிப்பது யார்? கலவை போட்டுத் தளத்தை மட்டம் செய்ததோடு தன் வேலை முடிந்தது என்பார் கொத்தனார். அது காண்ட்ராக்டர் பாடு என்று வீட்டுக்காரர் நிம்மதியாக ஆபீஸ் போயிருப்பார். காண்ட்ராக்டர், வாட்ச்மேன் ஊற்றுவார் என்று இருப்பார். வாட்ச்மேனை வைப்பது வீட்டுக்காரர் செலவு என்பது அவர் கணக்கு. சித்திரை வெயிலில் தளம் காய்ந்து மயிரிழை விரிசல் விட்ட பிறகு மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். தண்ணீர் யாருடையது, போர் முதலிலேயே போட வேண்டுமா, தற்காலிக மின் இணைப்புக்குக் கட்டணம் யார், கரையான் மருந்து உண்டா, மொட்டைமாடியில் தட்டோடு உண்டா, கட்டட இடிபாட்டை யார் அள்ளிப் போவது, சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டுச் சுவர், கேட், இந்த மாநிலத்தில் 2003 முதல் கட்டாயமாக இருக்கும் மழைநீர் சேகரிப்பு. சதுர அடி ரேட்டுக்குள் இவற்றில் எது அடக்கம் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. ரேட்டில் அடங்காதவை இவை என்று ஒரு பட்டியல் எழுதி வாங்குவது, அடங்கியவற்றின் பட்டியலைவிட முக்கியம் என்பேன்.

விட்டுப்போனதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளாதா? சில நேரம் பார்த்துக்கொள்ளும். இங்கிலாந்தில் 1858-இல் வில்லியம்ஸ் எதிர் ஃபிட்ஸ்மாரிஸ் என்று ஒரு வழக்கு. மொத்தத் தொகைக்கு ஒரு வீட்டைக் கட்டித் தர ஒப்புக்கொண்டவர், வேலை விவரத்தில் தரைப் பலகை குறிப்பிடப்படவில்லை, அதற்குத் தனியாகப் பணம் வேண்டும் என்றார். கொடுக்க வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். குடியிருக்கத் தக்க வீட்டைத் தருவதாக ஒப்புக்கொண்டபின், அதற்கு இன்றியமையாதது எழுதப்படாவிட்டாலும் அதில் அடக்கம் என்பது தீர்ப்பின் சாரம். சரி, தரை இன்றியமையாதது. பரண்? ஜன்னலுக்குக் கொசுவலை? ஏசி பாயின்ட்? பாத்ரூம் சுவரில் டைல்ஸ் ஏழடியா, கூரை வரையா? எந்த நீதிபதியாலும் இதையெல்லாம் ஒரு வரி ஒப்பந்தத்திலிருந்து கறந்து எடுக்க முடியாது.

நம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, பொருள் நிச்சயமில்லாத, நிச்சயப்படுத்தவும் வழியில்லாத உடன்பாடு செல்லாது என்கிறது. நூறு டன் எண்ணெய் விற்பதாக ஒருவர் ஒப்புக்கொள்கிறார், என்ன எண்ணெய் என்று தெரிய வழியே இல்லை என்பது அந்தப் பிரிவு தரும் உதாரணம். நம் வீட்டு ஒப்பந்தங்கள் அவ்வளவு மோசமில்லை. ஆனால் ‘எழுதவே இல்லையே, எக்ஸ்ட்ராவுக்கு ஏன் தரணும்?’ என்று முறுக்கிக்கொள்ளும் வீட்டுக்காரர் 70-ஆம் பிரிவையும் பார்க்க வேண்டும். இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்து கொடுத்ததன் பலனை அனுபவித்தவர் ஈடு தர வேண்டும் என்கிறது அது. காண்ட்ராக்டருக்கு அது துணைக்கு வரக்கூடும்.

ரெரா என்ற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறதே என்பார்கள். அடுக்ககத்தில் வீடு வாங்குபவருக்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டம் பெரிய பலம்தான். 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் 30 நாளில் செலவு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும் என்கிறது அதன் 14-ஆம் பிரிவு. ஆனால் விற்பதற்காகக் கட்டுபவர்களைக் கட்டுப்படுத்த வந்த சட்டம் அது. சொந்த மனையில் காண்ட்ராக்டரை வைத்துக் கட்டுபவருக்கு அந்த ஐந்தாண்டு தானாகக் கிடைக்காது. ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினால்தான் உண்டு. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். வீடு கட்டித் தருவதும் சேவைதான் என்று லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1993-லேயே சொல்லிவிட்டது. போனால், என்ன செய்து தருவதாகப் பேச்சு என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்த ஒரு வரியைத்தான் நீட்ட வேண்டியிருக்கும்.

காண்ட்ராக்டர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அதை நாம் காதில் வாங்குவதேயில்லை. எல்லாவற்றையும் விவரமாக எழுதி 2,600 ரூபாய் என்கிறார் ஒருவர். ஒன்றையும் எழுதாமல் 2,200 என்கிறார் இன்னொருவர். நாம் யாரிடம் போகிறோம்? தெளிவாக எழுதியவர் கையைவிட்டு வேலை போகிறது, மழுப்பியவருக்கு வேலை கிடைக்கிறது. மழுப்பியவர் அந்த நானூறு ரூபாயை ‘எக்ஸ்ட்ரா’வில் எடுப்பார், எடுக்க முடியாவிட்டால் பூச்சு வேலையோடு நிறுத்திவிட்டு அடுத்த சைட்டுக்குப் போவார். அடுத்த முறை முதலாமவரும் பாடம் கற்றுக்கொண்டு ஒரே வரியில் எழுதுவார். காண்ட்ராக்டர்களை மழுப்பப் பழக்கியவர்கள் ரேட்டை மட்டும் கேட்கும் நாம்தான்.

முறையைத் தலைகீழாக மாற்றினால் பெரும்பகுதி சரியாகிவிடும். வேலை விவரத்தை வீட்டுக்காரர் தரப்பு முதலில் எழுத வேண்டும். அதே தாள்களை மூன்று பேரிடமும் கொடுத்துவிட்டு ரேட் கேட்க வேண்டும். அப்போதுதான் வரும் மூன்று எண்ணும் ஒரே வீட்டுக்கான எண்கள். எழுதுபவர் வேலையை எடுக்கப்போகிறவராக இருக்கக் கூடாது; ஓர் இன்ஜினியருக்கோ ஆர்க்கிடெக்டுக்கோ இதற்கென்றே கட்டணம் கொடுத்து எழுத வைக்க வேண்டும். பிளான் போட்டவருக்குப் பணம் கொடுக்கவே மூக்கால் அழும் ஊரில் இதைச் சொல்கிறேன் என்பது தெரிந்துதான் சொல்கிறேன்.

எழுத்தில் அழகு தேவையில்லை. ‘தரமான’, ‘சிறந்த’, ‘தேவையான அளவு’ என்பவற்றை அடித்துவிட்டு மிச்சம் என்ன நிற்கிறது என்று பார்க்க வேண்டும். நிற்பது அளக்கவோ, எண்ணவோ, சோதிக்கவோ முடிவதாக இருக்க வேண்டும். ‘பெயின்ட் அடித்துத் தருவது’ போதாது. உள்சுவருக்குப் பட்டி இரண்டு கோட், தேய்ப்பு, பிரைமர் ஒரு கோட், இன்ன கம்பெனியின் இன்ன எமல்ஷன் இரண்டு கோட், சுவிட்ச் போர்டிலும் ஜன்னலிலும் தரையிலும் தெறித்ததைத் துடைத்துத் தருவது உட்பட. ‘தண்ணீர் ஏற்பாடு செய்யப்படும்’ என்று ஒரு வாக்கியம் வந்தால் யார் செய்வார் என்று அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும். ‘ரூஃப் முடிந்ததும் பணம்’ என்றால் கான்கிரீட் போட்ட அன்றா, பலகை பிரித்த பிறகா? படத்தில் ஒன்றும் எழுத்தில் ஒன்றும் இருந்தால் எது செல்லும்?

அரசுக்கு இது தெரியாத வித்தை இல்லை. கலைஞர் கனவு இல்லத் திட்டத்தில் வீடு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, மீதி 60-க்கு வேறு வகைக் கூரை என்பது வரை வரையறுத்திருக்கிறார்கள். அரசு டெண்டர்களிலும் ஒரு வியாதி உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். நான்கு வரி துல்லியமாக எழுதிவிட்டு, கடைசியில் ‘பொறியாளர் அவ்வப்போது சொல்வதற்கு ஏற்ப, முழுமையாக’ என்று முடிப்பார்கள். மேலே உள்ள துல்லியம் அத்தனையும் அந்த வாலில் கரைந்துவிடும்.

எவ்வளவு எழுதினாலும் நடுவில் மனம் மாறும். லிண்டல் மட்டம் வந்தபின் வாஸ்து பார்ப்பவர் வந்து சமையலறையை நகர்த்தச் சொல்வார். மாமனார் வந்து, ‘மேஸ்திரி, இங்க ஒரு ஷெல்ஃப் போட்டுடுங்க’ என்பார். மேஸ்திரியும் மரியாதைக்குப் போட்டுவிடுவார். காசு யாரிடம் கேட்பது? செங்கல் கட்டு, பூச்சு, கூடுதல் பாயின்ட், ஓர் அடி கூடுதல் ஆழம் ஆகியவற்றுக்கு ஒப்பந்தத்திலேயே தனி ரேட் எழுதிவிட்டு, மாற்றம் சொல்லும் உரிமை இன்னாருக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். வேலை தொடங்கும் முன் தொகையையும் கூடுதல் நாளையும் வாட்ஸ்அப்பில் அனுப்பி ‘சரி’ வாங்கிக்கொள்வது மீதிக்கு.

அரசும் வங்கிகளும் செய்யக்கூடியது இதில் உண்டு. 2024 ஜூலை முதல் தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, ஒரு மாடிக்கு மேற்படாமல் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு. அனுமதி இறங்கும் அதே இணையப் பக்கத்தில், தமிழில், கோடிட்ட இடங்களை நிரப்பும் மாதிரி வேலை விவரம் ஒன்றையும் வைக்கலாம். கட்டாயமாக்க வேண்டாம், கையில் கிடைத்தாலே பலர் பயன்படுத்துவார்கள்.

வங்கி கட்டாயமாக்கலாம். கட்டுமானக் கடன் கேட்பவரிடம் அது ஏற்கெனவே இன்ஜினியர் கையெழுத்திட்ட எஸ்டிமேட் கேட்கிறது. மண் வேலை இவ்வளவு, செங்கல் கட்டு இவ்வளவு, கான்கிரீட் இவ்வளவு என்று அளவோடு தயாராகும் அந்தத் தாள்கள், பல நேரம் வேண்டிய கடன் தொகையை முதலில் கேட்டுக்கொண்டு அதற்கு ஏற்பத் தயாராகின்றன. வங்கிக் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொள்கின்றன. வீட்டைக் கட்டப்போகும் காண்ட்ராக்டர் அவற்றைப் பார்ப்பதேயில்லை. முதல் தவணையை விடுவதற்கு முன், அந்த எஸ்டிமேட்டோடு வேலை விவரத்தையும் இணைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் வீட்டுக்காரரோடு காண்ட்ராக்டரின் கையெழுத்தையும் வங்கி கேட்கட்டும்.